நுளம்பு ஒழிப்பும் நோட்டீசுத் தமிழும்

ஐப்பசி பிறந்ததும் யாழ்ப்பாணத்துக்கு இரண்டு விருந்தாளிகள் வந்து சேருகின்றனர். ஒன்று மாரி மழை. மற்றையது டெங்கு ஒழிப்பு இயக்கம். மழை சில ஆண்டுகளிற் பிந்துவதுண்டு. இயக்கமும் அவ்வாறே சில ஆண்டுகளில் ஆஸ்பத்திரி விடுதிகள் நிரம்பிய பின்னர்தான் படலையைத் தட்டுகின்றது. தட்டும்பொழுது சுவரொட்டி, துண்டுப்பிரசுரம், ஒலிபெருக்கி அறிவித்தல், மாணவர் ஊர்வலம், வீதி நாடகம், பேச்சுப் போட்டி என்னும் பரிவாரங்களோடு வருகின்றது.

இப்பரிவாரங்கள் யாவும் மொழியினாலும் கலையினாலும் ஆனவை. ஒரு சிறுகதையின் உத்தியையும் ஒரு கவிதையின் படிமத்தையும் பக்கம் பக்கமாக ஆராயும் எமது விமர்சகர்கள், ஆயிரக்கணக்கில் அச்சாகி வீடுதோறும் சென்றடையும் இவ்வெழுத்தை விமர்சனத்துக்குரியதாக ஒருபொழுதும் கருதியதில்லை. எமது கவிதைத் தொகுதிகள் சில நூறு பிரதிகள் விற்பதற்கே படும் பாட்டை நினைத்தால், ஒரு நோட்டீசுக்கு உள்ள வாசகர் தொகை எந்த எழுத்தாளனையும் பொறாமைகொள்ள வைக்கும். மக்களுக்காக எழுதுவோம் என்று பிரகடனஞ் செய்தவர்கள், மக்களுக்கென்றே எழுதப்படும் எழுத்தைக் கண்ணெடுத்தும் பாராதிருப்பது விந்தையே. ஆகவே அதனை இங்கு பரிசீலிக்க விரும்புகின்றோம். அவ்வெழுத்து யாரைப் பேசுகின்றது, யாரோடு பேசுகின்றது, பொதுமக்கள் அதற்கு ஒத்துழைக்க வேண்டும் என்று கோரும்பொழுது அவர்களிடம் எதனை எதிர்பார்க்கின்றது என்பனவே எமது வினாக்கள்.

பொருள் சிறியதன்று. 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 186,101 பேர் டெங்கு நோய் ஐயத்துக்குரியவர்களாகப் பதிவு செய்யப்பட்டனர். இந்நாட்டின் டெங்கு வரலாற்றில் அதற்கு முன்னர் அத்தகைய தொகை பதிவானதில்லை. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 30க்கு மேற்பட்டோரைப் புதைத்தது. கொழும்பு நகரத்துக் குப்பைக்குப் போக்கிடமின்றி அது வீதிகளிலே குவிந்து கிடந்தது. அடுத்த மாதம் தென்மேற்கில் வெள்ளம் வந்தது. பல ஆண்டுகள் அதிகம் தலைகாட்டாதிருந்த இரண்டாம் வகை டெங்கு வைரசு அவ்வேளை பரவியதையும் வைத்தியர்கள் காரணங்காட்டினர். நகரசபையின் குப்பைக் கொள்கையும் வெள்ள வடிகாலும் வைரசின் இயல்பும் ஒன்றாகப் பின்னிக் கிடந்த அந்த ஆண்டிலும், நோட்டீசுகள் பேசிய பேச்சு ஒன்றே: 'உங்கள் வீட்டுச் சூழலைச் சுத்தமாக வைத்திருங்கள்'. 2023ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் நோய் பெருகியபொழுதும் அதே வாசகத்தையே நாம் வாசித்தோம்.

இந்தச் 'சுத்தம்' என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். எமது ஊர்களிற் சுத்தம் என்றால் முற்றங் கூட்டுதல், சருகு எரித்தல், சாணகந் தெளித்தல். விடியப் புறத்தில் எழுந்து வளவைக் கண்ணாடிபோற் கூட்டி வைக்கும் ஒரு தாய், நோட்டீசை வாசித்து, இது தனக்குச் சொல்லப்பட்டதன்று என்று மடித்து வைப்பது இயல்பே. ஆனால் டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. அது முட்டையிடுவது அந்தத் தாயின் பூச்சாடித் தட்டிலும், குளிரூட்டிப் பெட்டியின் பின்புறத்துத் தட்டிலும், கூரைப் பீலியிலும், குளியலறைத் தொட்டியிலும், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சிரட்டையிலுமாகும். அம்முட்டை நீரின்மேல் மிதப்பதுமில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக் கிடந்து, நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடு காத்திருக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டாற் போதாது, உட்சுவரைத் தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதுதான் நோட்டீசு சொல்லவேண்டிய செய்தி. 'சுத்தம்' என்னும் சொல் அச்செய்தியை விழுங்கிவிடுகின்றது.

அச்சொல்லின் தீங்கு இத்துடன் நிற்கவில்லை. எமது சமுதாயத்திற் சுத்தமும் அசுத்தமும் வெறும் சுகாதாரச் சொற்களாக என்றேனும் இருந்தனவா? கிணற்றில் அள்ள விடாமலும் கோயில் வாசலைத் தாண்ட விடாமலும் மனிதரை விலக்கி வைத்ததற்குச் சொல்லப்பட்ட நியாயமே இச்சொற்கள்தாம். ஆகையாற்றான் நோய் வந்ததும் 'அந்தப் பகுதியிலிருந்துதான் வருகுது' என்று குடியேற்றத் திட்டத்தை நோக்கியும் கடற்கரையை நோக்கியும் கை நீட்டுதல் நடுத்தர வர்க்கத்தினருக்கு எளிதாகின்றது. குடியேற்றத் திட்டத்து வீடுகளிற் பரலும் வாளியும் நிறைந்திருப்பது உண்மை. குழாய்நீர் வராத இடத்தில், கிணறு தூரத்திலே உள்ள இடத்தில், பவுசர் வரும் நாளைப் பார்த்திருப்பவர்கள் வேறு என் செய்வர்? மூடியில்லாப் பரலைக் குற்றமென்று எழுதிய பேனா, அப்பரல் அங்கு வந்த காரணத்தை எழுதாமல் விட்டதை விமர்சகன் கவனிக்காவிடின் வேறு யார் கவனிப்பர்?

இனி இவ்வெழுத்தின் இலக்கணம். 'பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்' என்று முடியும் வாக்கியத்திற் கேட்பவர் யார் என்பது இல்லை. 'குப்பைகள் அகற்றப்பட வேண்டும்' என்பதில் அகற்றுபவர் யார் என்பது இல்லை. பிரதேச சபையின் உழவு இயந்திரம் எந்த நாளில் எந்த ஒழுங்கைக்கு வரும் என்பதையும், வராவிடின் எவரிடம் முறையிடலாம் என்பதையும் நோட்டீசில் தேடிக் களைத்தோம். செயப்பாட்டுவினையின் நிழலிலே நிர்வாகம் மறைந்து கொள்கின்றது. கட்டளை மட்டும் வெளியே நிற்கின்றது. மொழி நடை பற்றிய குறையென்று மட்டும் இதனைக் கொள்ளலாகாது. கடமை ஒரு பக்கத்துக்கும் அதிகாரம் மறுபக்கத்துக்குமாகப் பிரிந்து கிடக்கும் உறவின் வாக்கிய வடிவமே அது.

மையத்தில் எழுதி, மொழிபெயர்த்து, மாவட்டங்களுக்கு அனுப்பும் வழக்கத்தால் வேறொரு கேடும் விளைகின்றது. டெங்கு நுளம்பு நன்னீரிலேதான் பெருகும் என்பது எல்லா நோட்டீசுகளினதும் பொதுப் பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சுரேந்திரனும் பேராசிரியர் ரஞ்சன் ராமசாமியும் அவர்களோடு சேர்ந்தோரும் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இப்பாடத்தின் குறையைக் காட்டிற்று. ஆயிரத்தில் 2 முதல் 15 பங்கு உப்புள்ள உவர் நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்வதை அவர்கள் கண்டனர். கரையோரத்தில் எறியப்பட்ட பிளாஸ்ரிக் பாத்திரங்கள், கைவிடப்பட்ட வள்ளங்கள், பாவனையற்ற கிணறுகள் ஆகியவற்றிலே அவை காணப்பட்டன. அத்தகைய இடங்களை அண்டிய பகுதிகளில் நோயும் கூடுதலாக இருந்தது. குருநகரிலோ பாசையூரிலோ வாழும் மீனவனுக்கு இதனைவிட முக்கியமான செய்தி எது? ஆயினும் பூச்சாடியின் படம் வந்த அளவுக்கு உடைந்த வள்ளத்தின் படம் நோட்டீசுகளில் வந்ததாக நாம் அறியோம். 'மண்வாசனை' வேண்டும் என்று நாவலாசிரியனை நாம் வற்புறுத்துகின்றோம். நோட்டீசில் அது இல்லாவிடின் நட்டம் நூலின் சுவையோடு போய்விடுவதில்லை.

எமக்கு மிகுந்த விசனத்தைத் தருவது மற்றொரு விடுபாடு. டெங்குக் காய்ச்சலில் உயிராபத்து பெரும்பாலும் காய்ச்சல் கடுமையாக எரியும் நாள்களில் வருவதில்லை. காய்ச்சல் தணியும் வேளையிலேயே வருகின்றது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்பு குளிர்ந்து, பிள்ளைக்குச் சுகம் என்று வீட்டார் பெருமூச்சு விடும் அந்த 24 முதல் 48 மணித்தியாலங்களிலேதான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நாடி தளர்கின்றது. வயிற்று வலி, தொடர் வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், என்றுமில்லாத சோர்வு ஆகியவை கண்டால் ஒரு கணமும் தாமதித்தல் ஆகாது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர அஸ்பிரினோ ஐபுபுறூபனோ கொடுத்தலும் ஆகாது; அவை இரத்தப்போக்கை மிகுவிக்கும். இவற்றை விளக்கும் பிரசுரங்கள் இல்லையென்று நாம் கூறவரவில்லை. ஆனால் எமது கைக்கு வந்த பலவற்றில் இச்செய்தி ஒரு மூலையிற் சிற்றெழுத்தில் ஒதுங்கிக் கிடக்க, வாரத்தைத் தொடக்கி வைப்போர், தலைமை தாங்குவோர், அனுசரணை வழங்குவோர் பெயர்கள் தடித்த எழுத்தில் அரைப் பக்கத்தை அடைத்து நின்றன. எந்த வாக்கியம் ஓர் உயிரைக் காக்கும் என்பதை அறியாத பதிப்பாசிரியன் எத்தகைய பதிப்பாசிரியன்?

1960களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கிய உலகில் மரபு பற்றி நடந்த விவாதத்தை ஆசிரியர்களாகிய எம்மிற் பலர் பல்கலைக்கழகத்திற் படித்திருக்கின்றோம். டானியல், டொமினிக் ஜீவா போன்றோர் உழைக்கும் மக்களின் பேச்சைக் கதையிற் கொணர்ந்தபொழுது, அது இழிசனர் வழக்கு என்று பண்டித வர்க்கம் முகஞ்சுளித்தது. அவ்விவாதத்தில் முற்போக்கு அணியே வென்றது என்று இன்று எல்லாரும் ஒப்புவர். சிறுகதையில் வென்ற அந்தத் தமிழ் நோட்டீசில் இன்னும் தோற்றே நிற்கின்றது. 'நுளம்புக் குடம்பிகள் விருத்தியடையும் ஏதுவான இடங்களை இனங்கண்டு அழித்தொழிப்போம்' என்ற வாக்கியத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் கொடுத்து, வீட்டிலே பாட்டிக்கு விளங்கச் சொல்லிவிட்டு வருமாறு ஒருமுறை பணித்தோம். பலர் கொண்டுவந்த விளக்கம் 'குப்பையைக் கூட்டு' என்பதே. 'குடம்பி' என்ற சொல் விஞ்ஞான பாடத்திற்கு வேண்டியதுதான். அதனை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் வாளித் தண்ணீரில் நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்செடுக்கும் அந்தப் புழுதான் ஒரு கிழமையிற் சிறகு முளைத்து நுளம்பாகின்றது என்பதைப் பாட்டி அறிந்திருந்தால், சொல் எதுவாயினும் அவர் வாளியைக் கவிழ்த்திருப்பார். அப்புழுக்களை ஒரு போத்தலில் இட்டு வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி வகுப்பில் வைத்தோம். எட்டாம் நாள் துணிக்கடியில் நுளம்பு நின்றது. அதன்பின்னர் எழுதப்பட்ட கட்டுரைகளில் 'சுற்றாடலை நேசிப்போம்' என்ற வாசகம் தானாகவே மறைந்துவிட்டது. போத்தலைத் திறக்குமுன் அவற்றைக் கொன்றோம் என்பதையுங் கூறிவைத்தல் நன்று!

வீதி நாடகத்தைப் பற்றியும் சிறிது கூறுதல் தகும். விழிப்புணர்வு நாடகம் என்ற பெயரில் நடப்பவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. படிப்பறிவில்லாத ஒரு குடும்பம்; குடிகாரத் தகப்பன்; ரயருக்குள் தண்ணீர்; காய்ச்சற் பிள்ளை. பின்னர் வெள்ளைச் சட்டையோடு ஓர் உத்தியோகத்தர் தோன்றி அறிவுரை கூற, குடும்பம் கைகூப்பி மன்னிப்புக் கேட்கும். சபையோர் சிரிப்பது முழுவதும் அந்தத் தகப்பனின் பேச்சைக் கேட்டே. ஏழையை விதூஷகனாக்கிய பழைய நாடகத்தின் மரபு சுகாதாரத் திணைக்களத்தின் செலவிலே தொடர்கின்றது எனலாம். இதற்கு மாறான மரபும் எம்மிடம் உண்டு. மாவிட்டபுரத்தில் 1968ஆம் ஆண்டில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை ஒட்டிய காலத்தில், என். கே. ரகுநாதனின் கந்தன் கருணையை அம்பலத்தாடிகள் கூத்து வடிவில் ஊரூராகக் கொண்டுசென்றனர். அங்கு ஒடுக்கப்பட்டவர் அறிவுரை கேட்டு நிற்பவராக இருக்கவில்லை. வழக்கை எடுத்துரைப்பவராக இருந்தனர். சிங்கள மொழியில் காமினி ஹத்தொட்டுவேகம 1974ஆம் ஆண்டு முதல் வளர்த்த வீதி நாடகமும் சபையை வினாவுக்குள் இழுத்தது. நுளம்பு பற்றிய நாடகத்தில் ஒரு பெண் எழுந்து, 'எங்கட ஒழுங்கைக்குக் குப்பை வண்டி வந்து மூண்டு மாசம். ஐயா, அந்தக் கணக்கு உங்கட கொப்பியிலே இருக்கோ?' என்று உத்தியோகத்தரைக் கேட்பாளாயின், நாடகம் அங்கேதான் தொடங்கும்.

இவ்வளவும் கேட்ட சில தோழர்கள், 'இந்த இயக்கங்களே ஏமாற்று; அரசு செய்ய வேண்டியதை மக்கள் தலையிற் கட்டும் தந்திரம். இதற்கு ஏன் ஒத்துழைக்க வேண்டும்?' என்று எம்மிடம் வாதித்துள்ளனர். இதனை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. இடதுசாரி இயக்கத்தின் சொந்த வரலாறே அதற்கு மாறாகச் சாட்சி சொல்கின்றது. 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்டபொழுது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் எடுத்துச் சென்றனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா போன்றோர் அதில் முன்னின்றனர். காய்ச்சல் கொன்றவர்களைப் பசி முன்னரே பாதி கொன்றிருந்தது என்பதை அவர்கள் வீடுவீடாகச் சென்றே கண்டனர். குடியேற்ற ஆட்சியைக் குற்றஞ்சாட்டும் தகுதி, நோயாளியின் வாயில் மருந்தை ஊற்றிய கைக்கே வந்தது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபொழுது அதற்கிருந்த மக்கள் செல்வாக்கில் இப்பணிக்கும் பங்குண்டு.

மலேரியாவின் பிந்திய கதையும் படிப்பினை மிக்கது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். வென்றுவிட்டோம் என்று மருந்து தெளித்தலும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968-69இல் நோயாளர் தொகை இலட்சக்கணக்காயிற்று. பின்னர் போர்க் காலத்திலுங்கூட, 1999ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்த நோய் படிப்படியாகக் குறைந்தது. 2012 ஒக்ரோபரில் உள்ளூரிலே தொற்றிய இறுதி நோயாளர் பதிவானார். 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. இவ்வெற்றியைச் சுவரொட்டிகள் தரவில்லை. வாசலில் வந்து விரல் நுனியில் இரத்தம் எடுத்தவர்கள், மருந்தூட்டிய வலை கொடுத்தவர்கள், நடமாடும் சிகிச்சை நிலையத்தை வன்னிக் காட்டுப்பாதையிற் கொண்டுசென்றவர்கள் தந்தது அது. மக்கள் கதவைத் திறந்தது, வந்தவர் வெறுங்கையோடும் அறிவுரையோடும் வராததனாலாகும். சான்று கிடைத்த அதே ஆண்டின் இறுதியில் மன்னாரிலே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் புதியதொரு நுளம்பு கிணறுகளிற் காணப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்வோமாக.

டெங்கிலோ மக்களின் பங்கு மலேரியாவிலும் பார்க்கக் கூடுதலானது. முட்டை நுளம்பாவதற்குப் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்களே வேண்டும். எந்த அரசும், சோசலிச அரசாயினும், ஒவ்வொரு வீட்டுக் கோடிக்கும் வாரந்தோறும் உத்தியோகத்தரை அனுப்ப இயலாது. அந்த நுளம்பு பறக்கும் தூரமும் சில நூறு மீற்றருக்கு உட்பட்டதே. எனவே என் பிள்ளையைக் கடிப்பது பெரும்பாலும் என் வளவில் அல்லது அயல் வளவிற் பிறந்த நுளம்பாகும். புகையடித்தால் எல்லாம் சரியாகும் என்று வாதிப்பவர்கள் உளர். புகை பறக்கும் நுளம்பிற் சிலவற்றைக் கொல்லும். முட்டையையும் புழுவையும் ஒன்றுஞ் செய்யாது. ஆயினும் புகை கண்ணுக்குத் தெரிகின்றது, இயந்திரம் உறுமுகின்றது, அரசியல்வாதி அருகில் நின்று படமெடுக்க முடிகின்றது. தும்புக் கட்டையால் தொட்டி தேய்க்கும் பெண்ணோடு நின்று படமெடுக்க எவரும் வருவதில்லை.

நிக்கராகுவாவின் மனாகுவா நகரிலும் மெக்சிக்கோவின் குவெரேரோ மாநிலத்திலும் நடந்து 2015ஆம் ஆண்டில் முடிவு வெளியான 'பசும்பாதை' என்னும் முயற்சி இங்கு நினைக்கத்தக்கது. 150 குடியிருப்புப் பகுதிகளிற் பாதியில், மக்களின் சொந்த வீடுகளிற் கண்ட புழுக்களையும் அவர்களது பிள்ளைகளின் நோய்த் தொற்று விபரங்களையும் அவர்கள் முன்னிலையில் வைத்து, என்ன செய்வது என்று அவர்களையே தீர்மானிக்கச் செய்தனர். ஒரே திட்டத்தை எல்லா இடத்திலும் திணிக்கவில்லை. ஏனைய பகுதிகளோடு ஒப்பிடுகையில் அப்பகுதிப் பிள்ளைகளிடையே புதிய தொற்று ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. தகவலை மக்களிடம் ஒப்படைத்து முடிவெடுக்கும் உரிமையையுங் கொடுத்தால் அவர்கள் ஒத்துழைப்பர் என்பதற்கு இது சான்று. எமது மருத்துவ அதிகாரி பணிமனைகளிலும் எந்த ஒழுங்கையில் எத்தனை நோயாளர், எந்த வகைப் பாத்திரத்தில் அதிக புழு என்னும் கணக்கு உண்டு. அதனைச் சனசமூக நிலையத்தின் அறிவித்தற் பலகையில் ஆட்பெயர் நீக்கி ஒட்டிவிடுவதற்கு எந்தச் சுவரொட்டிக்கும் ஆகும் செலவு ஆகாது. கேட்டுப் பெறுவது ஊரவரின் கடமை. கேட்டால் மறுப்பதற்கு நியாயம் இல்லை.

ஊர் செய்யக்கூடியது என்று நாம் கருதுவது பெரிய காரியமன்று. கிழமையில் ஒரு நாளை, சனியோ ஞாயிறோ, ஊரே சேர்ந்து தெரிந்து கொள்ளட்டும். அந்நாளில் அரை மணி நேரம் ஒவ்வொரு வீட்டிலும் தொட்டி தேய்த்தலும் பீலி பார்த்தலும் நடக்கட்டும். பீலிக்கு ஏணி வைத்து ஏறுவது ஆண்களின் வேலையாக இருக்கட்டும். 'இல்லத்தரசிகளே' என்று விளித்து எழுதும் நோட்டீசுகளால் இந்நாட்டு ஆண்கள் அனைவரும் வாசிகசாலைப் பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்திருக்க வழி பிறந்துள்ளது. மேலும் இந்நுளம்பு பகலிலே, காலையிலும் மாலை மயங்கு முன்னும் கடிப்பது. வீட்டிலிருக்கும் பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளுமே அதற்கு அகப்படுபவர்கள். காய்ச்சலில் வீழ்ந்தவரை முதல் ஐந்தாறு நாள்கள் பகலிலும் வலைக்குள் வைத்திருத்தல் அயலவருக்குச் செய்யும் பேருதவி. அவரைக் கடித்த நுளம்பே அடுத்த வீட்டுக்கு நோயைக் காவுகின்றது.

பாடசாலைகளைப் பற்றியும் வாய் திறத்தல் வேண்டும். பாடசாலைகள், அரச அலுவலகங்கள், கட்டட வேலைத்தளங்கள் ஆகியவற்றில் நுளம்பு பெருகுவதைச் சுகாதாரப் பகுதியினர் மீண்டும் மீண்டும் சுட்டி வந்துள்ளனர். மாணவரை வெயிலில் பதாகை ஏந்தி ஒரு மைல் நடத்துவதற்குச் செலவாகும் காலத்தில், அவர்களைக் கொண்டு பாடசாலைக் கூரைப் பீலிகளின் வரைபடம் ஒன்றைத் தயாரித்து அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிடமும் கையளிக்கலாம். அதற்குப் பதில் வருகின்றதா என்று பார்த்திருப்பதும் குடியியற் பாடந்தான்.

மிகச் சிக்கலானது ஆளில்லா வளவுகளின் பிரச்சினை. போரினாலும் புலப்பெயர்வினாலும் எமது ஊர்களில் ஒழுங்கைக்கு இரண்டு மூன்று வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர் கனடாவிலோ பிரான்சிலோ வாழ்கின்றார். தொட்டியும் கிணறும் மலசலகூடக் குழியும் திறந்தபடி மழையை ஏந்தி நிற்கின்றன. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், குடியிருப்பவருக்கு மட்டுமன்றி உரிமையாளருக்கும் கடமை விதித்துள்ளது. ஆயின் சட்டத்தின் கை முதலில் எட்டுவது வீட்டிலிருப்பவரையே. இல்லாதவரைத் தேடிப் பிடிக்க அதற்கு விலாசம் இல்லை. ஊரவருக்கோ விலாசம் தெரியும், தொலைபேசி இலக்கமும் தெரியும், கோயில் திருவிழாவுக்குக் காசு அனுப்பும் திகதியும் தெரியும். அந்த வீடுகளின் பட்டியல் ஒன்றை, திறப்பு வைத்திருக்கும் உறவினர் பெயரோடு, சனசமூக நிலையத்தார் ஒரு கொப்பியில் எழுதலாம். அதன் பிரதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் வாங்கிக்கொள்ளலாம். புரட்டாதி முடிவதற்குள் இது நடந்தால், ஐப்பசி மழைக்குமுன் கிணறுகளுக்கு வலை போடவும் தொட்டிகளைக் கவிழ்க்கவும் நாள் இருக்கும்.